சம்பளச் சீட்டு இல்லாதவள்

அவள் நர்சு இல்லை. ஆனாலும் தெருவில் எல்லாருக்கும் அவள் நர்சம்மாதான். வெளிநாட்டில் பதினோரு வருஷம், படுத்த படுக்கையாகக் கிடந்தவர்களைப் புரட்டிப்போட்டு, துடைத்து, ஊட்டிவிட்டுச் சம்பாதித்தவள். மலம், சளி, சீழ்பிடித்த படுக்கைப்புண் என்று எதற்கும் முகம் சுளித்ததில்லை. அவளுக்கே வயிற்றைப் புரட்டும் காலம் ஊருக்குத் திரும்பிய பிறகுதான் வந்தது.

அவள் மனசில் இருந்தது சின்ன யோசனை. தலைமாட்டை ஏற்றி இறக்கும் கட்டில்களும் சக்கர நாற்காலிகளும் வாங்கி, நோயாளி இருக்கும் வீடுகளுக்கு வாடகைக்கு விடுவது. கையிலிருந்த சேமிப்பு கடைக்கு முன்பணம் கொடுக்கவே சரியாகப் போயிற்று. அதுவரை அனுப்பிய பணமெல்லாம் அண்ணன் வீட்டு மாடியாக எழும்பி நின்றது. அந்த மாடியில் அவளுக்கும் ஓர் அறை உண்டு. அவள் படியேறும்போதெல்லாம் அண்ணி, "பாத்து வாங்க, வழுக்கும்" என்பாள், வந்த விருந்தாளியிடம் சொல்வதுபோல.

தனிநபர் கடன் கேட்டு வங்கிக்குப் போனாள். வெளிநாட்டில் இருந்தவரை இதே கிளையிலிருந்து "மேடம், டெபாசிட் போடுங்க மேடம்" என்று ஓயாமல் போன் வரும். இப்போது மேடம் வெறும் அம்மாவாகியிருந்தாள். கடன் அதிகாரி பேனா மூடியால் காதைக் குடைந்துகொண்டே பேசினார்.

"இங்க வேலை பாக்குறதுக்கு சம்பளச் சீட்டு இருக்கா?"

"இல்ல சார். அங்க வாங்கின சம்பளத்துக்கு எல்லாம் இருக்கு. மாசம் தவறாம உங்க பேங்குக்குத்தானே அனுப்பினேன்?"

"அது கணக்குல வராதும்மா. முன்னாடி கடன் ஏதாவது வாங்கியிருக்கீங்களா?"

"ஒருத்தர்கிட்டயும் கை நீட்டினதில்ல."

"அதான் சிக்கலே." காதிலிருந்து வந்ததை உற்றுப் பார்த்துவிட்டு மேசை விளிம்பில் தேய்த்தார். "வாங்கியிருந்தா ஒழுங்கா கட்டுனீங்களான்னு கம்ப்யூட்டர் சொல்லும். வாங்காதவங்களப் பத்தி அதுக்கு என்ன தெரியும்?"

தேய்த்த அதே விரலால் அவளுடைய பாஸ்போர்ட்டைத் தள்ளிவிட்டார். அவள் அதை முந்தானையால் பிடித்து எடுத்துக்கொண்டாள்.

வாசலில் ஒருவன் காத்திருந்தான். கடன் வாங்கித் தரும் தரகன். அவன் பூசியிருந்த செண்ட் அவனுக்கு முன்னால் வந்து நின்றது.

"அக்கா, உங்க அண்ணன் எல்லாம் சொன்னாரு. நீங்க ஒரு கம்பெனில வேலை பாக்குற மாதிரி சம்பளச் சீட்டு அடிச்சுத் தர்றேன். வர்ற கடன்ல பத்துல ஒரு பங்கு எங்களுக்கு."

"எங்களுக்குன்னா?"

அவன் கண்ணாடிக் கதவுப் பக்கம் மோவாயை ஆட்டினான். உள்ளே அதிகாரி இன்னும் காதைவிட்டபாடில்லை.

"பொய்ச் சீட்டெல்லாம் எனக்கு வேணாம் தம்பி."

"என்னக்கா இது? அங்க வயசானவங்களுக்கு ராத்திரி பகலா எல்லாமும் பாத்திருக்கீங்க. இதுக்குப் போய் கூச்சப்படுறீங்களே!" 'எல்லாமும்' என்ற சொல்லை வாய்க்குள் உருட்டி, பல்லைக் காட்டினான்.

"செருப்பு பிஞ்சிடும்" என்று சொல்லிவிட்டு நடந்தாள். செண்ட் வாடை மட்டும் மூக்கைவிட்டுப் போகவில்லை.

வீட்டுக் கூடத்தில் அண்ணன் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். அவள் நடந்ததைச் சொன்னாள்.

"அவன் வாய் அப்படித்தான். நமக்குக் காரியம் ஆகணும்ல? நான் கார் வாங்கினதே அவனாலதான்."

"அது கெடக்கட்டும்ணா. என்னப் பத்தி அவன்கிட்ட நீ என்ன சொன்னே?"

அண்ணன் போனை எடுத்துத் தடவ ஆரம்பித்தான். "நாலு பேரு உக்காந்து பேசும்போது தமாஷா ஏதாவது சொல்லியிருப்பேன். அதப் போய் பெருசு பண்ணாதே."

சொல்லும்போதே உதட்டோரம் ஒரு சிரிப்பு எட்டிப்பார்த்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. மாடிக்கு ஓடி, தன் காசில் பதித்த குளியலறைத் தரையில் மண்டியிட்டு, குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தியெடுத்தாள்.

அந்த வாரமே, முன்பணம் கொடுத்திருந்த கடையின் பின்னறைக்குக் குடிபோனாள். பக்கத்து மருத்துவமனையில் நோயாளிகளைக் கவனிக்கும் வேலையில் சேர்ந்தாள். வெளிநாட்டுச் சம்பளத்தில் கால்வாசிகூட இல்லை. அரை வருஷம் போனதும் உண்மையான சம்பளச் சீட்டுகளோடு வேறொரு வங்கிக்குப் போனாள். கேட்டதில் பாதிதான் கொடுத்தார்கள். வட்டியும் கூடுதல். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள். சந்தோஷம் என்று சொல்ல ஒன்றுமில்லை. மூன்று கட்டில்களும் இரண்டு நாற்காலிகளும் வந்து சேர்ந்தன; ஒரே மாதத்தில் இரண்டு கட்டில்கள் வாடகைக்குப் போயின.

ஒருநாள் அண்ணன் கடைக்கு வந்தான். "வீட்டுக்கு வா. தெருவுல ஒரு மாதிரி பேசுறாங்க."

"பேச்ச ஆரம்பிச்சு வெச்சது யாரு?"

அவன் கட்டிலின் கைப்பிடியைச் சுற்றிப் பார்த்தான். தலைமாடு மெல்ல எழுந்தது. "நல்லாத்தான் இருக்கு" என்றான்.

"கைய எடு" என்றாள். அவன் போன பிறகு கிருமிநாசினியைத் துணியில் நனைத்து, அவன் தொட்ட கைப்பிடியை அழுத்தித் துடைத்தாள்.