டேங்குக்கு எதிர் வீடு

போலாரத்தில் ரயில்வே லைனை ஒட்டி எங்கள் வீடு. எதிரே, நீராவி எஞ்சின் காலத்துச் செங்கல் தண்ணீர் டேங்க் ஒன்று இருந்தது. மகள் கல்யாணப் பத்திரிகையில்கூட 'சிவப்பு டேங்க் எதிரில்' என்றுதான் போட்டோம்.

சென்ற மாதம் ஒரு மத்தியானம், சாப்பிட்டு எழுந்த என் கணவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். சட்டையெல்லாம் வியர்வை. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்து, சிவப்பு டேங்குக்கு எதிர் வீடு என்றேன்.

வண்டி வரவில்லை. டிரைவர்தான் போனில் வந்தார். "அம்மா, இங்கே டேங்க்கே இல்லையே!" என்று இந்தியில் கத்தினார்.

அப்போதுதான் உறைத்தது. அதை இடித்து இரண்டு மாதமாகிறது. வாசலில் நின்று பார்த்தவளே நான்தான். வாய்க்கு மட்டும் அது தெரியவில்லை.

"வீட்டு நம்பராவது சொல்லுங்க!"

அதுவும் தெரியவில்லை. கேட்டில் இருந்த நம்பர்மேல் எப்போதோ பெயின்ட் அடித்துவிட்டோம். பக்கத்து வீட்டு ஸ்டெல்லாவை அலறிக் கூப்பிட்டேன். அவள் ஸ்கூட்டரில் லெவல் கிராஸிங் வரை போய் வண்டியை அழைத்து வருவதற்குள் அவர் உதடு வெளுத்துவிட்டது.

நல்லவேளை, பிழைத்துவிட்டார். அவர் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே வீட்டு வரி ரசீதைத் தேடியெடுத்து, கேட்டில் நம்பரைப் பெரிதாக எழுதவைத்தேன். இப்போதெல்லாம் யார் விலாசம் கேட்டாலும் முதலில் நம்பர்தான் சொல்கிறேன்.

முப்பது வருஷம் இந்த வீட்டில் இருந்தவர், டிஸ்சார்ஜ் ஆகி வந்த அன்று ஆட்டோவிலிருந்து இறங்கியதும் கேட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நம்ம நம்பர் இதுவா?" என்றார்.