திறந்தே இருக்க வேண்டிய இணைப்பு

பிரிக்பீல்ட்ஸ் சங்க மண்டபத்தின் திரையில் கதாநாயகன் வாயைத் திறந்து திறந்து மூடினான். ஒலி மட்டும் வரவில்லை. அன்று சனிக்கிழமை, காலை பத்து மணி. மறுநாள் பிற்பகல் மூன்று மணிக்கு இருநூறு பேர் பழைய படச்சுருள் ஒன்றைப் பார்க்க வருவதாக இருந்தார்கள்.

“ஊமப் படமா அக்கா? முன்னாடியே சொல்லியிருந்தா போஸ்டர்ல போட்டிருப்பேன் லா,” என்றார் மண்டபச் செயலாளர் வாசு.

லோகேஸ்வரி படக்கருவியை நிறுத்தினார். அவருக்கு வயது நாற்பத்தெட்டு, ஊர் கிள்ளான். ஷா ஆலத்தில் ஒரு தொலைக்காட்சித் தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் பதினேழு ஆண்டுகள் வேலை செய்தவர். அந்தப் பிரிவு மூடப்பட்ட பிறகு, கோயில் ஒலிபெருக்கிகளையும் திருமண மண்டபக் கருவிகளையும் பழுதுபார்த்து வந்தார். தம் சொந்தப் பெயரில் கையெழுத்திட்டு எடுத்துக்கொண்ட முதல் பெரிய வேலை இதுதான். கிள்ளானில் மூடப்பட்ட ஒரு திரையரங்கின் ஒலிச்செயலியை, அதாவது படச்சுருளின் ஓரத்திலுள்ள ஒலித்தடத்தைச் சீர்செய்து பெருக்கிகளுக்கு அனுப்பும் முப்பத்தைந்து வயதுப் பெட்டியை, இந்த மண்டபத்துக்கு வாங்குமுன் சோதித்துப் பார்த்து, “நல்ல நிலையில் உள்ளது” என்று எழுதிக் கொடுத்திருந்தார். அது பேசினால் மண்டபக் கருவிகளின் பராமரிப்பு இரண்டாண்டுகளுக்கு அவருக்கு. பேசாவிட்டால் பெட்டி பழைய இரும்பு லோரிக்கு. வேலை சுபாங் ஜெயாவிலுள்ள வேறொரு நிறுவனத்துக்கு.

தொழிற்சாலையில் அவர் கற்ற முறை எளியது: வழியை இரண்டாகப் பகு, எந்தப் பாதியில் ஒலி இல்லையோ அதை மறுபடியும் பகு. முதலில் கைப்பேசியிலிருந்து ஒரு பாட்டை நேரே பெருக்கியில் செலுத்தினார். மண்டபம் அதிர்ந்தது. ஆகவே பெருக்கியும் ஒலிபெருக்கிகளும் நலம். அதே பாட்டைச் செயலியின் வழியே செலுத்தினார். அமைதி. ஆகவே படக்கருவியின்மீது குற்றமில்லை. குற்றம் பெட்டிக்குள் இருந்தது. குறிப்பேட்டில் இரண்டு வரிகள் எழுதினார்.

மூடியைக் கழற்றி மின்னழுத்தத்தை அளந்தார், சரியாக இருந்தது. உள்ளேயிருந்த மின்சுற்று அட்டைகள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் காதொலிப்பானை இணைத்துக் கேட்டார். பாட்டு கடைசி அட்டைவரை ஒழுங்காக வந்து, வெளிவாயிலில் நின்றுவிட்டது.

பெட்டிக்கு மின்கம்பிகளை இழுத்துத் தந்த மின்பணியாளர் சபாபதி ஏணியின் அடியில் அமர்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். “கல்யாணமான ஆம்பள மாதிரி இருக்கும்மா. உள்ள எல்லாத்தையும் பேசுது, வெளிய வாயத் தொறக்க மாட்டேங்குது.”

லோகேஸ்வரி சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, பெட்டியை அணைத்து மீண்டும் இயக்கினார். கிள்ளானில் இயக்கியபோது இரண்டு நொடி கழித்து உள்ளே ‘டிக்’ என்று ஓர் ஓசை கேட்கும். வெளிவாயிலை விடுவிக்கும் சிறு பொறியின் ஓசை. இங்கே அது கேட்கவில்லை. பொறி பழுதாகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஏதோ ஒன்று அதைப் பிடித்து வைத்திருக்க வேண்டும்.

பெட்டியின் பின்புறத்திலிருந்து இரண்டு கம்பிகள் சுவரிலிருந்த தீ எச்சரிக்கைப் பெட்டிக்குச் சென்றன. மணி அடித்தால் படத்தின் ஒலி தானாக அடங்கவேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. எச்சரிக்கைப் பெட்டியில் மூன்று திருகுகள் இருந்தன. நடுவிலிருப்பது பொது, ஒருபுறம் வழக்கமாகத் திறந்திருந்து மணி அடிக்கும்போது மட்டும் மூடும் இணைப்பு, மறுபுறம் வழக்கமாக மூடியிருக்கும் இணைப்பு. கம்பி மூடிய இணைப்பில் இருந்தது. தீயே இல்லாமல், இரவும் பகலும், ஒலிச்செயலிக்கு “அடங்கு” என்ற கட்டளை போய்க்கொண்டிருந்தது.

“அண்ணே, இத ஏன் இங்க மாட்டுனீங்க?”

“நீதானேம்மா போன்ல சொன்ன? ‘தொறந்தே இருக்கணும்’னு. தொறந்து இருந்தாத்தானே கரண்டு போகும்? லைட்டத் தொறன்னா என்ன செய்வ, அணைப்பியா?”

லோகேஸ்வரிக்கு அப்போதுதான் விளங்கியது. மின்னியலில் திறந்த இணைப்பு என்பது அறுந்த வழி. அதில் மின்சாரம் ஓடாது. ஆனால் இந்த நாட்டில் மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் விளக்கைத் ‘திறந்து’தான் ஏற்றுகிறார்கள், ‘மூடி’த்தான் அணைக்கிறார்கள். அவர் வீட்டிலும் அப்படித்தான். சபாபதி தமிழைச் சரியாகவே புரிந்துகொண்டிருந்தார். தொழிற்சாலைச் சொல்லை விளக்கமில்லாமல் சொன்னவர் லோகேஸ்வரிதான்.

வாசு அருகில் வந்தார். “வயரிங் தப்பா? எனக்கு அப்பவே தெரியும். சபாபதி அண்ணே, ஒங்கள வச்சுக்கிட்டு…”

சபாபதி தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார்.

“அவரு மேல தப்பு இல்ல வாசு,” என்றார் லோகேஸ்வரி. “நான் சொன்னத அப்படியே செஞ்சிருக்காரு. சொன்னதுதான் தப்பு.”

“அப்ப தப்பு ஒங்களோடதா?”

“ஆமா.”

கம்பியை மறுபுறத் திருகுக்கு மாற்றினார். ‘டிக்’ என்றது பெட்டி. படச்சுருளை ஓட்டியதும் கதாநாயகன் வீட்டு வாடகையைப் பற்றிக் கத்தத் தொடங்கினான். லோகேஸ்வரி அதோடு விடவில்லை. எச்சரிக்கை மணியை அடிக்கச் செய்து, அவன் குரல் அடங்குகிறதா என்றும் பார்த்தார். பாதிச் சொல்லில் அடங்கியது.

அறிக்கையில் அவர் எழுதியது: “கருவியில் பழுதில்லை. இணைப்பு தவறான இடத்தில் இருந்தது. காரணம், நான் தொலைபேசியில் கொடுத்த தெளிவற்ற அறிவுறுத்தல்.”

“கடைசி வரி வேணாம் அக்கா,” என்றார் வாசு தாழ்ந்த குரலில். “கமிட்டில படிப்பாங்க.”

“படிக்கட்டும். அத எடுத்தா அண்ணன் பேருதான் மாட்டும்.”

ஞாயிற்றுக்கிழமைப் படம் முழு ஒலியோடு ஓடியது. செவ்வாய்க்கிழமை செயற்குழு கூடி, கடைசி வரியை இருமுறை படித்து, நெடுநேரம் விவாதித்தது. வாசு தொலைபேசியில் முடிவைச் சொன்னார்.

“பெட்டி இருக்கட்டும்னு சொல்லிட்டாங்க. ஆனா ஒங்க பராமரிப்பு வேல ரெண்டு வருசம் இல்ல அக்கா, ஆறு மாசந்தான். அப்புறம் பாப்போம்னாங்க.”

“சரி,” என்றார் லோகேஸ்வரி. முதல் பராமரிப்புக்கு எந்த நாள் தோதாக இருக்கும் என்று கேட்டு, சபாபதியையும் வரச் சொல்லுமாறு கூறினார்.