பூட்டுக்கு மேல் ஒரு பலகை

‘விளையாட்டு மைதானம்’ என்ற சொல்லை நான் முதன்முதலில் ஒரு பூட்டுக்கு மேலேதான் வாசித்தேன். அதுவரை அது எங்களுக்கு வெறும் வெளி. திருகோணமலைத் துறைமுகத் தொழிலாளர் வீடுகளுக்குப் பின்னால் கிடந்த மணல். பின்னேரமானால் குதிகாலால் கோடு கீறிப் பெண்பிள்ளைகள் கிளித்தட்டு விளையாடுவோம். கோடுகளில் மறித்து நிற்பவர்களை ஏய்த்து அந்தப் பக்கம் போய்த் திரும்பிவர வேண்டும். எல்லாக் கோட்டிலும் ஓடி மறிக்கிறவள்தான் கிளி. எங்கள் கிளி என் அக்கா. என்ன ஓட்டம் அது!

எங்கள் தெருவுக்கு ஒரு முன்னேற்றச் சங்கம் இருந்தது. அதன் தலைவர், பெரிய மனிசர், யாரோ கொடுத்த கலண்டரில் வெள்ளைக்காரர் ஊர்ப் புல்லைப் பார்த்துவிட்டார். அவ்வளவுதான். வெளிக்குக் கம்பிவேலி வந்தது, கேற் வந்தது, பூட்டு வந்தது, பலகை வந்தது. திறப்புவிழாவில் மைதானம் என்றால் என்னவென்று ஒரு மணித்தியாலம் முழங்கினார். அந்த மனிதர் வாழ்நாளில் ஒரு பந்தைத் தொட்டிருக்க மாட்டார்.

“புல்லு வரட்டும், பிள்ளையள். நீங்கள்தானே விளையாடப் போறியள், தண்ணியை ஊத்துங்கோ. சித்திரை வருசத்துக்குப் பக்கத்து உப்புவெளிப் பிள்ளையளோட வைக்கிற போட்டியை இதிலயே வைக்கலாம்.”

நம்பினோம், மண்டையில் ஒன்றுமில்லாத கூட்டம். மாசி, பங்குனி வெயிலில் விளையாடுகிற நேரமெல்லாம் கிணற்றில் அள்ளி ஊற்றினோம்; அதற்கு மட்டும் பூட்டைத் திறந்துவிடுவார். தலைகாட்டிய புல்லை ஊருக்குள் திரியும் மான்கள் வேலி பாய்ந்து வந்து மேய்ந்தன. மான்களுக்கு இருந்த புத்தி எங்களுக்கு இருக்கவில்லை.

அந்தப் போட்டி அக்காவுக்குக் கடைசி. “இந்த வருசத்தோட சரி. குமர்ப்பிள்ளை இனி வெளியில ஓடித் திரியேலாது,” என்று அப்பா சொல்லிவிட்டார். அவள் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

சித்திரை வருசம் பிறந்து நாலாம் நாள் உப்புவெளிப் பிள்ளைகள் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். அதிசயம், கேற் திறந்து கிடந்தது! உள்ளே போனால் கிடாரங்களும் விறகும் புகையும். தலைவரின் மகளுக்குக் கலியாணமாம். தாலி கட்டு அவர் வீட்டில், சமையலும் பந்தியும் எங்கள் புல்லில். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்று அவருக்குத் தோன்றவேயில்லை.

“உங்கட ஊரில விளையாட இடமே இல்லையோ?” என்று கேட்டாள் வந்தவர்களில் ஒருத்தி.

“ஏனில்லை? அந்தா, எழுதியிருக்கு,” என்று அக்கா பலகையைக் காட்டினாள்.

அவர்கள் அடுத்த பஸ்ஸில் திரும்பினார்கள். அக்கா வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதன்பிறகு அவள் ஓடியதை நான் பார்த்ததில்லை.

தலைவர் சிரித்துக்கொண்டே என்னிடம் வந்தார். “வாளி உங்களிட்டத்தானே கிடக்கு, பிள்ளை? பந்திக்குக் கை கழுவக் கொஞ்சம் தண்ணி அள்ளித் தாறீரோ?”

இத்தனை வருடமாக அந்த ஆளைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு “ஓம்” என்று சொல்லி வாளியைத் தூக்கியது நான்தான்.