தீவில் எனக்குக் கிடைத்த அறைகள்

ரங்கூனில் ஆயா வேலை பார்த்த பெண்களில் சிலர் சீமைக்குப் போய் வந்தார்கள். நான் போனது சீமைக்கு அல்ல, கிரேக்கர்களின் தீவு ஒன்றுக்கு. அந்தக் கதையை நான் பலரிடம் பலவிதமாகச் சொல்லியிருக்கிறேன். பெரும்பாலும் பொய். இப்போது உள்ளபடி எழுதுகிறேன்.

என் புருஷன் துறைமுகத்தில் அரிசி மூட்டை தூக்கினார். பாரம் தூக்கும் கயிறு அறுந்து மூட்டைகள் அவர் மேல் விழுந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. பிள்ளை இல்லை. அக்கா வீட்டில் போய் ஒண்டினேன். வீடு என்றால் செங்கல் கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியில் ஒரே அறை. அக்கா, அத்தான், அவர்களுடைய மூன்று பெண்பிள்ளைகள், போதாததற்கு அத்தானோடு முனிசிபாலிட்டியில் வேலை பார்த்த இரண்டு பேர். நான் தண்ணீர்ப் பீப்பாய்க்கும் அடுப்புக்கும் நடுவில் முடங்கிப் படுப்பேன். அடுப்பு ஆறும் வரை படுக்க முடியாது. விடிகாலையில் அக்கா அதைப் பற்றவைக்கும் முன் எழுந்துவிட வேண்டும்.

மிஷன் பள்ளியில் நாலாவது வரை படித்திருந்தேன். அதைச் சொல்லித்தான் ஏரிப் பக்கத்து பங்களாவில் ஒரு கிரேக்கத் துரை வீட்டில் வேலை கிடைத்தது. துரை அரிசி ஏற்றுமதிக் கம்பெனியில் பெரிய பதவியில் இருந்தார். அவர்களுக்கு ஒரே பெண் குழந்தை. நான் போனபோது அதற்குப் பத்து மாதம். துரைசானிக்கு ரங்கூன் வெயில் ஆகவில்லை. பகலெல்லாம் படுக்கையில் கிடப்பாள். குழந்தை என் இடுப்பில்தான் வளர்ந்தது. முதல் பேச்சும் என் பேச்சுதான். "பால் சுடுது" என்று சொல்லும். காக்காயைப் பார்த்தால் "வா வா" என்று கையை ஆட்டும். துரை அதைக் கேட்டுச் சிரிப்பார்.

குழந்தைக்கு மூன்று வயது ஆகப்போகும் சமயம் துரை நீண்ட லீவில் ஊருக்குக் கிளம்பினார். துரைசானி என்னைக் கூப்பிட்டு, பங்களாக்களில் பேசும் அரைகுறை இந்துஸ்தானியில் கேட்டாள்.

"நீயும் வா. உனக்குத் தனி அறை தருகிறேன். ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியும். லீவு முடிந்ததும் எங்களோடே திரும்பிவிடலாம்."

அக்காவிடம் சொன்னேன்.

"ஏண்டி, போறேங்கிறியா, இல்ல போகட்டுமான்னு கேக்குறியா?" என்றாள்.

"போறேன்கா."

"அப்பப் போ. பாஷை தெரியாத ஊர்ல காய்ச்சல் வந்தா யாருகிட்டச் சொல்லுவே?"

தனி அறை என்ற வார்த்தைக்குப் பிறகு எதுவும் என் காதில் ஏறவில்லை.

கப்பலில் எனக்கு இடம் துரைசானியின் அறைக்கு வெளியே, நடைபாதையில். பாய் விரித்துப் படுத்தால் போகிறவர்கள் தாண்டிப் போவார்கள். துரைசானி வாந்தி எடுத்துக்கொண்டே வந்தாள். எனக்குக் கடல் ஒன்றும் செய்யவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு மேல்தளத்தில் நிற்பேன். போர்ட் சையதில் சின்னக் கப்பல் மாறினோம். அதற்கப்புறம் கடலின் நிறமே வேறாக இருந்தது. தீவுகள் மொட்டை மலைகளாக வந்து வந்து போயின. அவற்றின் சரிவில் வெள்ளை வீடுகள். ஒவ்வொன்றையும் பார்த்து, எந்த ஜன்னல் என்னுடையது என்று யோசித்துக்கொண்டே போனேன். அவ்வளவு முட்டாளாக இருந்தேன்.

துரையின் வீடு கடலைப் பார்த்து இல்லை. பட்டணத்துக்கு வெளியே ஆரஞ்சுத் தோட்டங்களுக்கு நடுவில், ஆள் உயரத்துக்கு மேல் எழுந்த சிவப்புக் கல் சுவருக்குள் இருந்தது. வாசலில் துரையின் தாய் நின்றாள். கறுப்பு உடை, கறுப்பு முக்காடு. பேத்தியை நோக்கிக் கை நீட்டி ஏதோ சொன்னாள். குழந்தை என் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "ஆயா, போலாம்" என்றது.

கிழவிக்கு அர்த்தம் புரியவில்லை. ஆனால் பேத்தி தன் மொழி பேசவில்லை என்பது புரிந்துவிட்டது. மகனையும் மருமகளையும் மாறி மாறிப் பார்த்து ஏதோ கத்தினாள். என் பக்கம் திரும்பவேயில்லை.

மூன்றாம் நாள் துரைசானி என்னிடம் வந்தாள். தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"குழந்தை எங்கள் பாஷை கற்க வேண்டும். நீ பக்கத்தில் இருந்தால் கற்காது. கொஞ்ச நாளைக்கு நீ தோட்டத்துப் பக்கம் இரு. துணி துவைக்கிற வேலை, மற்ற வேலை பார்."

"அறை?"

"கொஞ்ச நாளைக்குத்தான் சொல்கிறேன்."

தோட்டத்துப் பக்கம் என்றால் கோடியில் இருந்த சரக்கு அறை. அந்தத் தீவின் தென்பகுதியில் ஒருவகை மரத்தைக் கீறினால் பிசின் வடியும். நம் குங்கிலியத்தைப் போல இருக்கும். அங்கே அதை வாயில் போட்டு மெல்லுவார்கள். அந்தக் குடும்பத்துக்கு அப்படிப்பட்ட மரங்கள் நிறைய இருந்தன. அறை முழுக்கப் பிசின் மூட்டைகள். எனக்கு ஒரு மூலை. ஜன்னல் கிடையாது. கதவைச் சாத்தினால் இருட்டு, திறந்தால் வாடைக்காற்று. குளிர் என்றால் என்ன என்று ரங்கூன்காரிக்கு அந்த அறைதான் சொல்லிக்கொடுத்தது. பகலில் தோட்டத்துப் பெண்களோடு உட்கார்ந்து பிசினில் ஒட்டிய மண்ணையும் சருகையும் கத்தி முனையால் எடுக்க வேண்டும். விரல் வெடித்துவிடும். குழந்தையின் குரல் வீட்டுக்குள்ளிருந்து கேட்கும். முதல் சில வாரங்கள் "ஆயா, ஆயா" என்று அழுதது. அப்புறம் அழுகை நின்றது. அழுததைவிட அழாததுதான் எனக்குத் தாங்கவில்லை.

அக்காவுக்குக் கடிதம் எழுதினேன். தனி அறை கொடுத்திருக்கிறார்கள், ஜன்னலில் கடல் தெரிகிறது, கட்டில் உண்டு என்று எழுதினேன். கம்பளிகூட இரண்டு என்று எழுதினேன். இருந்தது ஒரு கோணி.

அடுத்த வருஷம் எதிர்க்கரையில், துருக்கியர் நாட்டில், சண்டை நடந்தது. தீவிலிருந்து பார்த்தாலே அந்தக் கரை தெரியும். அங்கிருந்து கிரேக்கர்கள் ஆயிரக்கணக்கில் தோணிகளில் வந்து இறங்கினார்கள். கோயில், பள்ளிக்கூடம், கடைத்தெரு, மரத்தடி எல்லாம் ஜனம். பாதிரியார் வீடு வீடாக வந்து இடம் கேட்டார். கிழவி வாசலிலேயே நின்று யோசித்துவிட்டு, சரக்கு அறையைக் கைகாட்டினாள்.

அப்படித்தான் அந்தப் பெண் தன் இரண்டு பெண்களோடு என் அறைக்கு வந்தாள். அவளுக்கு என் வயதுதான் இருக்கும். புருஷன் வரவில்லை. கையில் ஒரு பித்தளைச் சட்டி மட்டும். அவளுக்குக் கிரேக்க பாஷை சரியாக வராது, பிறந்ததிலிருந்து துருக்கிதான் பேசியவளாம். முதல் நாள் நான் துவைக்கும் இடத்துக்கு வந்து, கையைத் தேய்த்துக் காட்டி, "சாபூன்?" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பங்களா இந்துஸ்தானியிலும் சோப்புக்கு அதே வார்த்தைதான். "சாபூன்!" என்று கத்தி சோப்பை நீட்டினேன்.

அன்று சாயங்காலம் வரை இருவரும் வார்த்தைகளைத் தேடினோம். அவள் காற்றில் கையை வீசி "ஹவா" என்றாள். நான் "ஹவா" என்றேன். "துனியா" என்று உலகம் முழுவதையும் காட்டுவதுபோல் கையை விரித்து, பிறகு துப்பிக் காட்டினாள். நானும் துப்பினேன். தீவுக்கு வந்து அன்றுதான் சிரித்தேன். நாங்கள் நாலு பேரும் ஒரே கோணியில் சேர்ந்து படுத்தோம்.

சில மாதங்களில் பட்டணத்துக் கோட்டைக்குள் துருக்கியர் விட்டுப்போன பழைய வீடுகளை அகதிகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். அவளுக்கு மாடியில் ஓர் அறை கிடைத்தது. "நீயும் வா" என்று என் பாயைச் சுருட்டி அவளே தலையில் வைத்துக்கொண்டாள். துரைசானியிடம் கேட்டேன். "வேலைக்கு நேரத்துக்கு வந்தால் சரி" என்றாள். அவளுக்கும் நிம்மதிதான் போலிருக்கிறது.

அந்த அறையில் ஜன்னல் இருந்தது. கதவில்லாத வெறும் ஜன்னல். கோட்டைச் சுவருக்கு மேலாக, கால் கட்டைவிரலை ஊன்றி எட்டிப் பார்த்தால் துறைமுகம் தெரியும். நான் அக்காவுக்கு எழுதிய பொய்யில் பாதி உண்மையாகிவிட்டதென்று நினைத்தேன். விடிந்ததும் எழுந்து ஒரு மணி நேரம் நடந்து தோட்டத்துக்குப் போவேன். வெயில் தாழத் திரும்புவேன். பிள்ளைகள் படிக்கட்டில் எனக்காகக் காத்திருக்கும். ஒரு பனிக்காலமும் அதற்கடுத்த வெயிலில் பாதியும் அப்படிப் போயின. நான் என் வாழ்நாளில் தங்கிய இடங்களில் அதுதான் நல்ல இடம். அதனால்தான் அங்கே நடந்ததை என்னால் இன்றும் ஜீரணிக்க முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகாரி ஒருவர் பட்டியலோடு வந்தார். அகதி அல்லாத யாரையாவது தங்கவைத்தால் அறையைப் பிடுங்கிவிடுவார்களாம். கீழ்வீட்டுக்காரிதான் கோள் சொல்லியிருக்க வேண்டும். அவர் என்னைக் காட்டி, "இது யார்?" என்றார். அதற்குள் எனக்குக் கிரேக்க பாஷை ஓரளவு புரியும்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. "வேலைக்காரி. துணி துவைக்க வருவாள்" என்று தனக்குத் தெரிந்த கிரேக்கத்தில் சொன்னாள்.

"இங்கே படுக்கிறாளா?"

"இவளா? இவளை யார் வீட்டில் படுக்க விடுவார்கள்?"

சொல்லிக்கொண்டே என் பாயைக் காலால் கதவுக்குப் பின்னால் தள்ளினாள். சின்னப் பெண் அதைப் பார்த்து, "அம்மா, அது..." என்று ஆரம்பித்தது. அதன் வாயில் ஓர் அடி விழுந்தது. அதிகாரி எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அவர் போனதும் அவள் என் கையைப் பிடித்து அழுதாள். துருக்கியில் என்னென்னவோ சொன்னாள். அந்த வேகத்தில் எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. புரிந்துகொள்ள வேண்டும் என்றும் தோன்றவில்லை. பாயை எடுத்துக்கொண்டு இறங்கி, பழைய பிசின் அறைக்கே நடந்தேன். இரண்டு பெண்களோடு அவள் மரத்தடிக்குப் போயிருக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அவள் செய்தது சரிதான். ஆனால் வேலைக்காரி என்பதோடு நிறுத்தியிருக்கலாம். அந்த இரண்டாவது பேச்சை அவள் பேசியிருக்க வேண்டியதில்லை.

அடுத்த வாரம் துணியில் அத்திப்பழம் முடிந்துகொண்டு தோட்டத்து வாசலுக்கு வந்தாள். பிசின் அறைக் கதவிடுக்கில் பார்த்தேன். வெகுநேரம் நின்றாள். நான் வெளியே போகவில்லை. அதற்காக வருந்தியதில்லை என்று எழுதத்தான் நினைத்தேன்.

துரை இனி ரங்கூனுக்குத் திரும்பப் போவதில்லை என்று பிறகு தெரிந்தது. ரங்கூன் போகிற வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்றுக்கு போர்ட் சையதிலிருந்து ஆயா தேவைப்பட்டது. என்னை அவர்களோடு அனுப்ப ஏற்பாடு செய்தார்கள். கிளம்பும் நாள் துரைசானி குழந்தையை வாசலுக்கு அழைத்து வந்தாள். அதற்கு ஐந்து வயது. வெள்ளைக் கவுன், தலையில் ரிப்பன். நான் குனிந்து, "கண்ணு, ஆயா போயிட்டு வரட்டுமா?" என்றேன்.

குழந்தை அம்மாவைப் பார்த்து ஏதோ கேட்டது. எனக்கு நன்றாகவே புரிந்தது. 'இவள் என்ன சொல்கிறாள்?' என்று கேட்டது.

துரைசானி மொழிபெயர்க்கவில்லை. அவளுக்கும் தெரியாதல்லவா.

ரங்கூனில் இறங்கி நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். மூத்தவள் பெரியவளாகியிருந்தாள். பீப்பாய்க்குப் பக்கத்தில் மரத்தட்டி வைத்து அவளுக்கு மறைப்புக் கட்டியிருந்தார்கள். அக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள், சோறு போட்டாள். நான் கை கழுவும்போது, "ரெண்டு நாள் இருந்துக்க. அதுக்குள்ள அத்தான எங்கயாச்சும் எடம் பாக்கச் சொல்றேன்" என்றாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடிவிட்டார்கள்.

"அங்க ரூமு எப்படியாம்? கடலு தெரியுமாமே?" என்றாள் ஒருத்தி.

"தெரியும்" என்றேன். "படுத்துக்கிட்டே பாக்கலாம்."

இரண்டு நாள் ஒரு வாரமானது. புருஷன் இல்லாத பெண்ணுக்கு ரங்கூனில் அறை கிடைப்பது லேசான காரியமில்லை. கேட்ட இடத்திலெல்லாம், "கூட ஆம்பள யாரு?" என்றார்கள். தின்கன்ஜூன் பேட்டையில் ஒரு குமாஸ்தா வீட்டுப் பின்கட்டு காலியாக இருந்தது. அவர் சம்சாரம் நல்லபடியாகத்தான் பேசினாள். நான் தீவுக்குப் போன கதை தெரிந்ததும் முகம் மாறியது.

"அவங்க கையால சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேம்மா. வேற யாரு கையால சாப்பிடுறது?"

"அவுக வரட்டும், கேட்டுச் சொல்றேன்" என்றாள். நான் காத்திருக்கவில்லை.

கடைசியில் ஆற்றைக் கடந்து டாலாவில்தான் இடம் கிடைத்தது. அரிசி ஆலையில் தவிடு புடைக்கும் வேலையில் சேர்ந்திருந்தேன். அங்கே கூட வேலை செய்த ஒரு பர்மியப் பெண்மணியை நான் 'அடோ' என்று கூப்பிடுவேன். நாம் அத்தை என்பது போல. தன் மூங்கில் வீட்டில் ஒரு பக்கத்தைத் தடுத்துக் கொடுத்தாள். எங்கிருந்து வந்தேன், யாரோடு இருந்தேன் என்று எதுவும் கேட்கவில்லை. கேட்காததை அன்பென்று எடுத்துக்கொள்ள நான் தயாராக இல்லை. அவளுக்குக் காது மந்தம். அதுகூடக் காரணமாக இருக்கலாம்.

அங்கே ஒன்பது வருஷம் இருந்தேன். மழைக்காலத்தில் ஆறு பெருகினால் வீட்டுக்கடியில் தண்ணீர் வந்து நிற்கும். தரை மூங்கில் வழியாகக் கொசு ஏறும். அடோ என்னிடம் சிரித்துப் பேசியது குறைவு. நானும் அவளிடம் தீவைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. வேலைக்குக் கிளம்பும்போது இருவரும் ஒன்றாக இறங்கி, சேற்றில் நான் சேலையையும் அவள் தமேன் என்கிற பர்மியக் கைலியையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆலைக்கு நடப்போம்.