பி பிரிவுக்கு மாலை ட்யூஷன்

அந்த அக்கா எங்கள் பள்ளிக்கு வந்து இறங்கிய காலையை நினைத்தால் இப்போதும் எனக்குக் கை கால் பரபரக்கிறது. அண்ணாமலை நகருக்குப் பக்கத்தில் ஓர் ஆரம்பப் பள்ளி. நான் நான்காம் வகுப்பு. அக்கா நீல நிற ட்ராக் சூட் போட்டிருந்தார். கழுத்தில் விசில். கூடவே ஓர் ஆட்டோ நிறையச் சுருட்டிய ரப்பர் பாய்கள். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் கோரைப்பாய்தான். விரலால் அமுக்கினால் குழிந்து, விட்டதும் எழும்பிக்கொள்ளும் பாயை அன்றைக்குத்தான் பார்த்தோம். ஆளுக்கொரு தடவை அமுக்கிப் பார்த்தோம்.

அவர் உடற்கல்வியில் ஆராய்ச்சி செய்கிறாராம். பிலாட்டிஸ் என்று ஒரு பயிற்சியைச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால் உடம்பு எவ்வளவு வலுவாகிறது, எவ்வளவு வளைகிறது என்று சோதித்துப் பார்க்கப் போகிறாராம். தலைமை ஆசிரியர் பிரேயரில் விளக்கமாகத்தான் சொன்னார். எங்கள் காதில் 'சோதித்து' என்பது மட்டும் விழுந்தது. சோதனை என்றால் பரீட்சை.

முதல் பரீட்சை அன்றைக்கே நடந்தது. ஒரு மரப்பெட்டியில் பாதங்களை ஒட்டிவைத்து, முட்டி மடங்காமல் உட்கார்ந்து, பெட்டியின் மேலிருந்த அளவுகோலில் விரல்களை எவ்வளவு தூரம் தள்ள முடியும் என்று பார்த்தார்கள். என் விரல் பெட்டியையே தொடவில்லை. என் வகுப்பிலேயே படித்த மாமா மகள் அளவுகோலில் பாதி தூரம் போய்விட்டு, என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

பிறகு ஒரு டிபன் பாக்ஸில் சீட்டுப் போட்டுக் குலுக்கினார்கள். மாமா மகளுக்கு ஏ வந்தது. எனக்கு பி. ஏ பிரிவுக்கு ரப்பர் பாய், விசில், பயிற்சி எல்லாம் உண்டு. பி பிரிவை அக்கா புங்கமர நிழலில் உட்காரவைத்து, கன்னத்தைத் தட்டிச் சொன்னார்.

"நீங்க எப்பவும் போல இருங்க கண்ணுங்களா. அதுவே போதும். கடைசியில மறுபடியும் டெஸ்ட் வைப்பேன்."

அம்மா பல்கலைக்கழக விடுதி மெஸ்ஸில் பாத்திரம் தேய்த்துவிட்டு வந்ததும் வராததுமாக, மாமா மகள் விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டாள்.

"நான் ஏ அத்த. இவன் பி."

"பி-ன்னா என்னாடி?"

"சும்மா ஒக்காந்திருக்கறவங்க."

அம்மாவின் முகம் சுருங்கிப்போயிற்று. எங்கள் வீட்டில் என்னைத் தவிர யாரும் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்கியதில்லை. "எப்பவும் போல இருன்னு சொன்னாங்களா? எப்பவும் போல இருக்கறதுக்கா நான் புள்ளைய பள்ளிக்கூடம் அனுப்புறேன்?" என்று அம்மா சுவரைப் பார்த்துக் கேட்டாள்.

அம்மாவின் தம்பியான மாமா பக்கத்து வீடு. பண்ருட்டியிலிருந்து பலாப்பழம் ஏற்றிவரும் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். அவரும் படித்தவரில்லை. ஆனால் படிப்பைப் பற்றி ஒரு விஷயம் அவருக்கு உறுதியாகத் தெரியும்.

"அக்கா, எதுக்கு இப்ப மூஞ்சத் தூக்கி வச்சிருக்க? கணக்கு வரலன்னா என்னா பண்றாங்க? ட்யூஷன் வைக்கறாங்க. இதுக்கும் வச்சிருவோம். மாப்ள, கடைசி டெஸ்ட்ல எம்பொண்ண நீ அடிச்சிக் காட்டணும்!"

அவர் அமர்த்திய ட்யூஷன் டீச்சர் அதே பொண்ணுதான். ஒரு மாலைக்கு ஒரு கிண்ணம் பலாச்சுளை என்று பேசி முடித்தார்கள்.

ரேஷன் கடைக்குப் பின்னால் நெல் காயவைக்கும் சிமெண்ட் களம் இருந்தது. அங்கே கோரைப்பாயை விரித்தோம். பள்ளியில் அக்கா காலையில் சொல்லிக்கொடுத்ததை அவள் சாயங்காலம் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். அதுவும் இரண்டு மடங்கு கண்டிப்போடு.

"வயித்த உள்ள இழு. இன்னும் உள்ள. முதுகு பாயில ஒட்டணும்டா!"

"மூச்சு..."

"மூச்ச யாரு வுடச் சொன்னா? நான் சொல்றப்ப வுடு!"

முட்டியைக் கட்டிக்கொண்டு பந்து மாதிரி பின்னால் உருண்டு, அதே வேகத்தில் எழுந்து உட்கார வேண்டும். முதல் நாள் நான் உருண்டவன் எழவே இல்லை. களத்தின் ஓரம் வரை போய் லோடு ஆட்டோ டயரில் முட்டி நின்றேன். மாமா விழுந்து விழுந்து சிரித்தார்.

சிரிப்புச் சத்தம் ஊரைக் கூட்டிவிட்டது. அடுத்த வாரமே பி பிரிவுப் பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பாயோடு வந்து சேர்ந்தார்கள். ஒரு பையனின் அம்மா, "எம்புள்ளைக்குக் கொஞ்சம் ஜாஸ்தியாவே சொல்லிக்குடும்மா, அவன் மந்தம்" என்று கிண்ணத்தில் முந்திரி கொடுத்தாள். சீக்கிரமே பி பிரிவு மொத்தமும் களத்தில்தான் கிடந்தது.

மாமா அதோடு விடவில்லை. அந்த வருஷம்தான் எங்கள் தெருவுக்கு அரசாங்கத்தின் இலவசக் கலர் டிவி வந்திருந்தது. அது வந்த அட்டைப்பெட்டியை அம்மா டிவியைவிடப் பத்திரமாகப் பரண்மேல் வைத்திருந்தாள். மாமா அதை இறக்கினார். உள்ளே செங்கல் அடுக்கி, மேலே என் ஸ்கேலை ஒட்டி, மரப்பெட்டிக்கு ஒரு தம்பியை உண்டாக்கிவிட்டார்.

என் விரல் முதன்முதலாக அந்த அட்டையைத் தொட்ட மாலை நான் போட்ட கூச்சலில் ரேஷன் கடைக்காரர் வெளியே ஓடிவந்துவிட்டார். அதற்கப்புறம் நிற்கவே இல்லை. விரல் ஸ்கேலில் ஏறியது, நகர்ந்தது. ஓடினால் விலாவில் குத்தும் வலி போன இடம் தெரியவில்லை. முழங்கையை ஊன்றி உடம்பைப் பலகை மாதிரி தூக்கி நிறுத்தினால், வயிற்றுக்குள் யாரோ கயிற்றைக் கட்டி இழுத்துப் பிடித்திருப்பதுபோல் இருந்தது. வகுப்பில்கூட நிமிர்ந்து உட்கார்ந்தேன். அம்மா அதைப் பார்த்துவிட்டு, தானும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

பள்ளியில் அக்கா புங்கமரத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம், "எப்பவும் போலத்தான இருக்கீங்க?" என்று கேட்பார். தினமும் ட்யூஷன் போவது எங்களுக்கு எப்பவும் போல ஆகிவிட்டிருந்தது. "ஆமாக்கா!" என்று மரம் அதிரக் கத்துவோம்.

கடைசி டெஸ்டும் வந்தது. ஏ பிரிவு முதலில். ஒவ்வொருவரும் விரலைத் தள்ளத் தள்ள அக்காவின் முகம் மலர்ந்துகொண்டே போயிற்று. அடுத்தது பி. முதல் ஆள் நான். வயிற்றை உள்ளே இழுத்தேன், சொன்ன இடத்தில் மூச்சை விட்டேன், தள்ளினேன். மாமா மகளின் விரல் நின்ற இடத்தைத் தாண்டி என் விரல் போயிற்று!

அக்கா பெட்டியைத் தட்டிப் பார்த்தார். என்னை மறுபடி உட்காரச் சொன்னார். இந்தத் தடவை இன்னும் கொஞ்சம் தள்ளினேன். அடுத்து வந்த 'மந்தப்' பையனும் தள்ளினான். பலகை மாதிரி நிற்கச் சொன்னபோது, பி பிரிவு முழுக்க அசையாமல் நின்றது.

"எப்பிடிடா?" என்றார் அக்கா.

"ட்யூஷன்க்கா!" என்று ஒரே குரலில் சொல்லி, எல்லோரும் மாமா மகளைக் காட்டினோம். அவள் வெட்கமும் பெருமையுமாக முன்னால் வந்து, "வயித்த இழுக்கலன்னா நான் வுடவே மாட்டேன்க்கா" என்றாள்.

அக்கா அப்படியே ரப்பர் பாயில் உட்கார்ந்து முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. கையை எடுத்தபோது சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீரும் இருந்தது. நாங்கள் கைதட்டினோம். "எங்களப் பாத்து சந்தோஷத்துல அழுதுட்டாங்கம்மா" என்று வீட்டில் போய்ச் சொன்னேன்.

பல வருஷம் கழித்துக் கல்லூரியில் ஒரு நாள் புள்ளியியல் ஆசிரியர் பலகையில் இரண்டு வட்டம் போட்டார். ஒரு கூட்டத்துக்கு மட்டும்தான் பயிற்சி கொடுக்க வேண்டும். இன்னொன்றைத் தொடவே கூடாது, அது இருந்தபடியே இருந்தால்தான் மாற்றம் பயிற்சியால் வந்ததா என்று சொல்ல முடியும் என்றார். நான் வாய்விட்டுச் சிரித்து, வகுப்புக்கு வெளியே நின்றேன். அந்த மொத்தப் பள்ளியிலும் அக்கா யாரையாவது நம்பியிருந்தார் என்றால், அது புங்கமரத்தடியில் உட்கார்ந்திருந்த எங்களைத்தான்.

ஆனால் டெஸ்ட் நடந்த அன்று இது எதுவும் எங்களுக்குத் தெரியாது. அன்று மாலை, அந்த வருஷத்திலேயே பெரிய பலாப்பழத்தை லோடு ஆட்டோவில் போட்டு, என்னையும் ஏற்றிக்கொண்டு மாமா அக்காவின் விடுதி வாசலுக்குப் போனார். அக்கா வெளியே வந்தார். கண் வீங்கியிருந்தது. பழத்தைப் பார்த்து மறுபடி சிரித்தார்.

"இருக்கட்டும்ண்ணா. கடலூர்ல ஒரு ஸ்கூல் பாத்து முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்" என்றவர், கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார். "அண்ணா, கடலூர்ல உங்களுக்குச் சொந்தக்காரங்க யாராச்சும் இருக்காங்களா?"

மாமா நெகிழ்ந்துபோனார். படித்த பெண் நம் சொந்தபந்தத்தை எல்லாம் விசாரிக்கிறதே என்று அவருக்குக் குரலே மாறிவிட்டது.

"இல்லாமலா மேடம்! என் தங்கச்சியையே அங்கதான கட்டிக்குடுத்திருக்கோம். நீங்க ஒண்ணுக்கும் கவலப்படாதீங்க. லீவு வுட்டதும் ட்யூஷன் எடுக்க எம்பொண்ண அங்க அனுப்பி வைக்கிறேன்."

அக்காவின் முகம் ஏன் அப்படி வெளிறிப்போயிற்று என்று வீடு வந்து சேரும்வரை நானும் மாமாவும் பேசிக்கொண்டே வந்தோம். பழம் கொஞ்சம் காயாக இருந்ததுதான் காரணம் என்று கடைசியில் முடிவுக்கு வந்தோம்.