பட்டியலுக்குப் பெயர் வைப்பவள்

கோப்புக்குப் பெயர் வைக்கும்போது கீதாஞ்சலியின் உதடுகள் அசையும். வருடம், மாதம், நாள், கடைசியில் தன் பெயர். அடித்து முடித்ததும் புடவைத் தலைப்பால் திரையைத் துடைத்துவிட்டு, எழுத்து எழுத்தாக இன்னொரு தரம் படித்துப் பார்ப்பாள்.

முப்பத்தெட்டு வயது. நெல்லிவாசல்நாட்டு மலையில் அவள் ஊருக்குத் தண்ணீர்த்தொட்டி மேட்டில் மட்டும்தான் சிக்னல். காலையில் ஆடுகளை அவிழ்த்துவிட்டதும் மடிக்கணினியோடு அங்கே ஏறிவிடுவாள். மலையூர்களுக்கு மாத்திரை கொண்டுவரும் மருத்துவ வண்டிக்கு மூன்று பேர் சேர்ந்து மென்பொருள் எழுதுகிறார்கள்: இவள், போளூரில் நவீன்குமார், வாணியம்பாடியில் அர்பாஸ். வண்டி நிற்க வேண்டிய ஊர்களின் பட்டியலை மூவரும் தனித்தனிக் கோப்பாக ஏற்றுவார்கள்; அவற்றில் பெயர் வரிசைப்படி கடைசியாக நிற்கும் கோப்பைத்தான் மென்பொருள் எடுத்துக்கொள்ளும். தேதி முன்னால் இருந்தால் புதியது தானாகக் கடைசிக்கு வந்துவிடும். இதை ஒரு பக்கத்துக்கு விளக்கி அனுப்பினாள். இருவரும் கட்டைவிரலை உயர்த்தினார்கள்.

ஏப்ரலில் அர்பாஸ், தன் பட்டியலைச் சோதிக்கிற அவசரத்தில், கோப்பின் பெயருக்கு முன்னால் ஆங்கிலத்தின் கடைசி எழுத்தான இசட் ஒன்றைப் போட்டான்; எந்தத் தேதிக்கும் பின்னால் போய் நின்றது அது. மே மாதம் நவீன்குமார் இரண்டு போட்டான். அர்பாஸ் சளைக்காமல் பழைய பட்டியலுக்கே மூன்று. அன்றிலிருந்து வண்டி அந்தப் பட்டியல்படிதான் ஓடுகிறது. அடுத்தவர் கோப்பில் கைவைக்கக் கூடாது என்ற ஒரு விதியை மட்டும் மூவரும் இன்றுவரை மீறவில்லை.

பக்கத்து வீட்டு முத்தம்மாளுக்குச் சர்க்கரை என்று தெரிந்ததே ஜூனில்தான். கீதாஞ்சலி தன் பட்டியலில் இந்த ஊரைச் சேர்த்ததும் அப்போதுதான். மூன்று மாதமாக வண்டி நிற்காமல் போகிறது. பேருந்தேற வேண்டுமென்றால் புண்பட்ட காலோடு ஐந்து கிலோமீட்டர் நடக்க வேண்டும்.

"இன்னாம்மா, பொட்டியில நம்ம ஊரு பேரு ஏத்திட்டியா?"

"ஏத்திட்டேன் பெரிம்மா."

"ஏத்திட்டன்ற. வண்டிக்காரன் திரும்பிக்கூட பாக்காம போறானே!"

நேற்று மறுபடியும் மூவரும் போனில் கூடினார்கள். இசட்டுகளை எடுத்துவிட்டுத் தேதியை முன்னால் வைக்கச் சொன்னாள் கீதாஞ்சலி.

"நீங்க சொன்னா சரிதான்க்கா. இன்னிக்கே மாத்திட்றேன்," என்றான் அர்பாஸ்.

"போன தபாவும் இதையேதான்டா சொன்ன," என்று நவீன்குமார் சிரித்தான்.

"நீ மட்டும் இன்னா யோக்கியமா? ரெண்டு இசட் யாரு போட்டது?"

"இங்க ஒரு அம்மாவுக்கு கால்ல புண்ணு பெருசாய்க்கினே போவுதுப்பா," என்றாள் கீதாஞ்சலி.

சிரிப்பு நின்றது. சரிக்கா, சரிக்கா என்றார்கள். இருவரும் நல்ல பிள்ளைகள். திட்டக்கூட வாய் வரவில்லை.

இன்று காலை மேட்டில் ஏறித் திறந்து பார்த்தாள். அர்பாஸ் எதையும் மாற்றவில்லை. நவீன்குமார், தன்னிடமிருந்த பழைய பிரதியைத் திருத்தி, நான்கு இசட்டோடு ஏற்றியிருந்தான். அதில் இந்த ஊர் இல்லை. வண்டி நாளைக்குக் கிளம்புகிறது. இருவருக்கும் போன் அடித்துப் பார்த்தாள். மணி முழுக்கப் போய் நின்றது, யாரும் எடுக்கவில்லை.

பிறகு தன் பட்டியலைத் திறந்து, தேதிக்கு முன்னால் போய், இசட்டை ஐந்து தரம் ஒவ்வொன்றாக அழுத்தினாள்.