பாக்கெட்டில் போன் வைத்துக் குந்தியது குற்றமா?

கயல், முகில் — இந்த வாரம் உங்கள் இருவரின் பெயரையும் போட்டே எழுதப் போகிறேன்.

"ஐயோ, என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் படிப்பாங்கப்பா!" என்று கயல் கத்துவாள். படிக்கட்டும். நீ செய்யாத ஒன்றை நீ செய்ததாக நாலு பேர் காதுபடச் சொன்னவன் நான். அதைத் திரும்ப வாங்கிக்கொள்வதும் நாலு பேர் பார்க்கத்தான் நடக்க வேண்டும். வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கும் மற்ற பிள்ளைகளும் கூடவே உட்கார்ந்து கேளுங்கள். ஒரு போன் வளைந்த விஷயம் இது.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால். திருநின்றவூரில் எங்கள் வாடகை வீடு. தோசை சாப்பிட்டுவிட்டு, தட்டைக்கூட எடுக்காமல், அக்காவின் போனை டேபிள்மேல் வைத்து ஒரு சுண்டு சுண்டினான் முகில். அது சுற்றியது. சாதாரணச் சுற்று இல்லை... பம்பரம் மாதிரி!

"அக்கா, உன் போன் செமையா சுத்துது பாரு!"

தட்டையான பொருள் அப்படிச் சுற்றாது. எனக்கு அது தெரியும். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பிரஸ் ஷாப்பில் எனக்கு வேலை. இரும்புத் தகட்டை மெஷினில் அழுத்தி, வண்டிகளுக்கான பாகங்கள் செய்கிற இடம். தகடு நேராக இருக்கிறதா, வளைந்திருக்கிறதா என்று இருபத்திரண்டு வருஷமாகப் பார்த்துப் பழகிய கண். போனை வாங்கி மல்லாக்க வைத்தேன் — ஆடியது. கவிழ்த்து வைத்தேன் — நடுவில் கீற்றாக வெளிச்சம் தெரிந்தது.

வளைந்திருக்கிறது. சந்தேகமே இல்லை.

வாங்கி மூன்று மாதம்தான் ஆகிறது. கல்லூரியில் சேர்ந்ததற்காகக் கயலுக்கு வாங்கிக் கொடுத்தது. பெட்டியைப் பிரித்த அன்று, "எவ்ளோ மெலிசு பாரேன்ப்பா... அப்பளம் மாதிரி!" என்று குதித்தாள்.

அந்த நேரத்தில் நான் என்ன கேட்டிருக்க வேண்டும்? 'எப்படி வளைந்தது?' என்று. நான் கேட்டது என்ன?

"பின் பாக்கெட்ல வெச்சுட்டு அது மேலயே உக்காந்தியா?"

"இல்லப்பா. நான் பாக்கெட்லயே வெக்கறதில்ல. பேக்லதான் வெப்பேன்."

"அப்ப தானா வளைஞ்சுதா?"

"எனக்குத் தெரியாதுப்பா."

"உன் போன். உனக்குத் தெரியாம பக்கத்து வீட்டுக்காரனுக்கா தெரியும்?"

"விடுங்களேன், புள்ளதான் இல்லங்குதே" என்றாள் உங்கள் அம்மா. நான் விடவில்லை. மத்தியானம் உங்கள் மாமா போனில் பேசினான். அவனிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன்: "உன் மருமக புது போன் மேல உக்காந்து வளைச்சுட்டா, மாப்ள!" ஸ்பீக்கரில் அத்தை சிரித்தாள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் சிரித்தார்கள். கயல் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அந்த வாரம் முழுக்க என்னிடம் 'ம்', 'சரி' தவிர வேறு பேச்சில்லை.

சனிக்கிழமை ஆவடிக்குப் போனோம். மாடியில் சர்வீஸ் சென்டர். டோக்கன் எடுத்து உட்கார்ந்தோம். எங்கள் பக்கத்தில் காக்கிச் சட்டையோடு ஓர் ஆட்டோக்காரர், தன் போனுக்காகக் காத்திருந்தார். சுவர் முழுக்க ஒரு விளம்பரம்: ஜீன்ஸ் பாக்கெட்டிலிருந்து போன் எட்டிப் பார்க்க, ஒரு பெண் ஆகாயத்தில் குதிக்கிறாள்.

எங்கள் நம்பர் வந்தது. கவுன்டரில் இருந்த பெண் போனைக் கண்ணாடிமேல் வைத்தாள். ஒரு விரலால் தொட்டாள். ஆடியது. அவ்வளவுதான் பரிசோதனை.

"பெண்ட் ஆயிருக்கு சார். கஸ்டமர் மிஸ்ஹேண்ட்லிங். வாரன்டி வராது. இதுல சைன் பண்ணுங்க, எஸ்டிமேட் போட்டுத் தரேன்."

ஃபாரம் இங்கிலீஷில் இருந்தது. நான் பத்தாவதும் ஐடிஐயும் படித்தவன். எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். கவனக்குறைவாகப் பயன்படுத்தியதால் ஏற்பட்ட சேதம் என்று ஒப்புக்கொள்கிறேன் — அதுதான் சாரம். சரி, வேறென்ன செய்வது என்று பேனாவைத் திறந்தேன்.

"அப்பா, போடாதப்பா."

திரும்பிப் பார்த்தேன். கயலுக்குக் கண் கலங்கவில்லை. முகம் மட்டும் கல்லாக இருந்தது.

"அதுல கையெழுத்துப் போட்டா நான் பொய் சொன்னேன்னு ஆயிடும். போன் வேணாம்ப்பா. இப்படியே இருக்கட்டும். கையெழுத்துப் போடாத."

பிள்ளைகளே, அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது. போனைச் சரிசெய்ய வந்ததாக நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவளோ தன் வார்த்தையைக் காப்பாற்ற நிற்கிறாள். எது பெரிது?

பேனாவை மூடினேன்.

"சைன் பண்ண முடியாதும்மா. எப்படி வளைஞ்சுதுன்னு உங்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. தெரியாத விஷயத்துக்கு எப்படிக் கையெழுத்துப் போடுறது?"

உள்ளேயிருந்து கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய மேனேஜர் வந்தார். இருபத்தைந்து வயது இருக்கும். நல்ல பிள்ளைதான்.

"சார், எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க. போன் தானா வளையாது."

"தம்பி, இதைப் பாக்கெட்ல வெக்கக் கூடாதுன்னு எங்கயாவது எழுதியிருக்கா?"

"பாக்கெட்ல வெக்கலாம் சார். ப்ரஷர் குடுக்கக் கூடாது."

"பாக்கெட்னா ப்ரஷர் இல்லாமயா? பேன்ட்டு போட்ட மனுஷன் உக்கார மாட்டானா? குந்த மாட்டானா? வண்டில கால் போட மாட்டானா?"

"அது நார்மல் யூஸ் சார். இது வேற."

அதற்கு மேல் ஆட்டோக்காரருக்குப் பொறுக்கவில்லை. "இன்னா தம்பி சொல்ற? செவுத்துல பாரு, அந்தப் பொண்ணு போனை சொருவிக்கினு இம்மாம் உயரம் குதிக்குது! அது குதிக்கலாம், எங்க அண்ணாத்தே குந்தக் கூடாதா?"

காத்திருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். எனக்கும் வேகம் வந்துவிட்டது.

"நார்மல் யூஸ்னா என்னன்னு நான் காட்டுறேன்" என்றேன். வளைந்த போனை எடுத்து என் பேன்ட் முன் பாக்கெட்டில் விட்டேன். டைல்ஸ் தரையில், எல்லாருக்கும் நடுவில், குந்தி உட்கார்ந்தேன்.

தொடை மடங்குகிற இடத்தில் போனின் ஓரம் நறுக்கென்று குத்தியது.

அந்தக் குத்தல்... எனக்குத் தெரிந்த குத்தல்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை. முகிலுக்கு முந்தின நாள் காய்ச்சல். பரீட்சை இருக்கிறது என்று பள்ளிக்கூடம் போய்விட்டான். என் போன் சார்ஜ் ஏறவில்லை. கயலுக்கு அன்று லீவு. "உன் போனைக் குடும்மா, ஸ்கூல்லேருந்து கூப்பிட்டா எடுக்கணும்" என்று நான்தான் வாங்கிக்கொண்டு போனேன். எங்கள் பிரஸ் ஷாப்புக்குள் போன் கூடாது, லாக்கரில் வைக்க வேண்டும். நான் வைக்கவில்லை. முன் பாக்கெட்டில் போட்டு, மேலே ஏப்ரனைக் கட்டி மறைத்துக்கொண்டேன். அன்றைக்குப் பார்த்து மூன்று மெஷினில் டை மாற்றும் வேலை. டை என்பது தகட்டுக்கு வடிவம் கொடுக்கும் அச்சு. அதன் போல்ட்டை இறுக்கக் குந்த வேண்டும். இறுக்கி எழ வேண்டும். மறுபடி குந்த வேண்டும். நாள் முழுக்க அதுதான். ஒவ்வொரு தடவையும் தொடையில் நறுக்... நறுக்... கையால் கொஞ்சம் தள்ளிவிட்டு வேலையைப் பார்த்தேன்.

பிள்ளைமேல் பழி போட்ட அன்று இது எனக்கு ஏன் ஞாபகம் வரவில்லை? வரவே வராது. யார் தப்பு என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டால் ஞாபகம் எதற்கு வேலை செய்யப்போகிறது?

"அப்பா, எந்திரிப்பா. எல்லாரும் பாக்கறாங்க."

குந்தியபடியே அவளை நிமிர்ந்து பார்த்தேன். "பாப்பா... இதை வளைச்சது நான்தான்."

மேனேஜர் முகத்தில் நிம்மதி. "அப்ப ஓகே சார். நீங்களே ஒத்துக்கிட்டீங்க. இங்க ஒரு சைன்."

எழுந்தேன். மகளிடம் எனக்கு வெட்கம் இருந்தது. நிறைய இருந்தது. ஆனால் போன் செய்தவர்களிடம்? ஒரு துளிகூட இல்லை.

"வளைச்சது நான்தான்னு ஒத்துக்கறேன், தம்பி. தப்புப் பண்ணேன்னு ஒத்துக்க மாட்டேன்."

"ரெண்டும் ஒண்ணுதானே சார்?"

ஒன்றா? பிள்ளைகளே, நீங்களே சொல்லுங்கள். உங்கள் ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கும் பிளாஸ்டிக் ஸ்கேலை எடுங்கள். தட்டையாகப் பிடித்து மெதுவாக வளையுங்கள். வளைகிறதா? இப்போது அதையே குத்தாக நிறுத்தி வளையுங்கள். முடியாது. அதே ஸ்கேல்தான், அதே கைதான். தடிமன் இருக்கிற பக்கம்தான் பலம். தகட்டின் தடிமனைப் பாதியாக்கினால் பலம் பாதியோடு நிற்காது, அதற்கும் மேலே இறங்கிவிடும். அதிலும் துளை போட்ட இடம்தான் முதலில் மடங்கும். எங்கள் ஷாப்பில் துடைப்பம் பிடிப்பவருக்குக்கூட இது தெரியும். இந்தப் போன் எங்கே மடங்கியிருந்தது? சரியாக, வால்யூம் பட்டனுக்காகத் துளை போட்ட இடத்தில்.

மெலிசு, மெலிசு என்று சொல்லித்தான் விற்கிறார்கள். எல்லா மெலிசு போனும் வளையும் என்று நான் சொல்லவில்லை. திடமாகச் செய்தவர்களும் இருக்கலாம். ஆனால் பாக்கெட்டுக்கு என்று செய்த பொருள் பாக்கெட்டில் வளைந்தால், பாக்கெட்டின் மேலா பழி? மனுஷனுக்கு இடுப்பு மடங்கும், தொடை மடங்கும், முட்டி மடங்கும். இது நேற்று வந்த பழக்கமா என்ன? போனை வரைந்தவருக்கும் அதே இடுப்புதானே!

ஃபாரத்தைத் திருப்பினேன். பின்பக்கம் காலியாக இருந்தது. தமிழில் எழுதினேன்: 'போனைப் பேன்ட் முன் பாக்கெட்டில் வைத்தேன். வேலைக்காகக் குந்தினேன். என் மகள் எதுவும் செய்யவில்லை. நான் செய்ததில் என்ன கவனக்குறைவு என்று எழுத்தில் தெரிவிக்கவும்.' கீழே கையெழுத்து. முழுப் பெயரும் போட்டேன்.

மேனேஜர் தலையைச் சொறிந்தார். "தமிழ்ல எழுதினா மேல இருக்கறவங்களுக்குப் புரியாது சார்."

"புரியலன்னா என்னைக் கூப்பிடச் சொல்லுங்க. வந்து குந்திக் காட்டுறேன்."

"நானும் வரேன் அண்ணாத்தே" என்றார் ஆட்டோக்காரர். "ரெண்டு பேரா குந்துவோம்!"

மேனேஜர் சிரித்துவிட்டார். ஃபாரத்தைப் படம் எடுத்து மேலே அனுப்பினார். இதை எழுதும் வரை பதில் வரவில்லை. வராமலே போகலாம். போன் வேலை செய்கிறது. வளைந்துதான் இருக்கிறது. இருக்கட்டும். ஃபாரத்தின் முன்பக்கத்தில், அவர்கள் கேட்ட இடத்தில், என் கையெழுத்து இல்லை.

வரும்போது ரயிலில் ஜன்னல் ஓரம் கயல். எதிரில் நான்.

"மன்னிச்சுக்கோ பாப்பா. நீ சொன்னதை நம்பியிருக்கணும்."

அந்த வளைந்த போனை அவள் என்னிடம் நீட்டினாள்.

"மாமாவுக்குப் பண்ணு. ஸ்பீக்கர்ல போடு."

"இங்கயா? ரயில்லயா?"

"அன்னிக்கு ஸ்பீக்கர்லதானே சொன்ன?"

போட்டேன். சொன்னேன். "மாப்ள, போனை வளைச்சது கயல் இல்லடா. நான்தான்." "மச்சான், நீ எத்தனை கிலோ இருக்க?" என்று மாமா கேட்க, எதிர் சீட்டு ஆள்வரை சிரித்தார்கள். அந்த ஒரு வாரத்தில் முதல் தடவையாகக் கயலும் சிரித்தாள். வாய்விட்டு.

பிள்ளைகளே, உங்கள் கையில் ஒரு பொருள் கெட்டுப்போனால் பெரியவர்கள் முதலில் உங்களைத்தான் பார்ப்போம். எங்களுக்கு அது சுலபம். நீங்கள் செய்திருந்தால் செய்தேன் என்று சொல்லுங்கள். செய்யவில்லை என்றால் — அப்பாவே பேனாவை நீட்டினாலும் — வாங்காதீர்கள்.

திங்கட்கிழமை. எங்கள் ஷாப்பில் சாப்பாட்டு நேரம். எல்லோரும் கேன்டீனுக்குப் போய்விட்டார்கள். ஏழாவது மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி நிறைய, ஓரம் மடங்கிய பாகங்கள். வெள்ளிக்கிழமை நான் பார்த்துக் கழித்தவை. அந்த மெஷினில் நிற்கிற பெண், "நான் சரியாத்தான் வெச்சேண்ணா" என்று அன்றைக்கு என்னிடம் இரண்டு தடவை சொன்னாள். பெட்டியில் சிவப்புச் சீட்டு தொங்கியது. காரணம் என்ற இடத்தில் என் கையெழுத்தில், 'ஆபரேட்டர் தவறு.'

சீட்டைக் கிழித்தேன். புதுச் சீட்டு எடுத்துக் கட்டினேன். காரணம் என்ற இடத்தில் எழுதினேன்: 'தெரியவில்லை. தகட்டை அளந்து பார்க்க வேண்டும்.'